பேரு யார் வூட்டுச் சொத்து, மாப்ளே?

வா மாப்ளே, இப்படி ஒக்காரு. புள்ள பொறந்து ஒரு மாசம் ஆவப் போவுது, இன்னும் அதை "பாப்பா, பாப்பா"ன்னே கூப்பிட்டுக்கினு கெடக்கறீங்க. கேட்டா, பேரு தேடிக்கிட்டு இருக்கேன்ற. மெட்ராஸுக்குப் போயி எண் கணித ஜோசியர்கிட்ட நாலு பக்கத்துக்கு லிஸ்ட்டு வாங்கியாந்திருக்கியாம். அதுல ஒரு பேரைக்கூட என் தங்கச்சியால, அதான் உங்கம்மாவால, ஒரே மூச்சுல சொல்ல முடியலையாம். "அண்ணே, இந்தப் பேரைக் கூப்பிட்டா பல்செட்டு கழண்டு வுழுந்துடும்ணே"ன்னு வந்து அழுவுது. நீ இன்னாடான்னா, "யாருமே வெக்காத பேரும்மா இது"ன்றியாம். யாருமே வெக்காம இருக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கும் மாப்ளே. அதையும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.

அது போவட்டும். டீக்கடையில ஒரு பேச்சு பேசுனியே, அதுக்குத்தான் ஒன்னைக் கூப்பிட்டு அனுப்புனேன். உன் கூட்டாளிங்க ரெண்டு பேரு புள்ளைக்குப் பேரு வெச்சிருக்காங்க. பாய் வூட்டுப் பையன் தாவூதுன்னு வெச்சான். கடலூர்ல பொண்ணு கட்டுனவன் டேவிட்டுன்னு வெச்சான். நீ இன்னா சொன்ன? "ஒண்ணு அரபுக்காரன் பேரு, இன்னொண்ணு இங்கிலீஷ்காரன் பேரு. நம்ம ஊர்ல வெக்கறதுக்குப் பேருக்கா பஞ்சம்?"னு கேட்ட. சுத்தி நின்னவனுங்க எல்லாம் தலையாட்டுனானுங்க. ஆட்டாம இன்னா பண்ணுவானுங்க, டீக்காசு நீ குடுத்த.

படிச்சவன்னு உன்னை நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், என் மானத்த வாங்காத. தாவூது, டேவிட்டு ரெண்டும் ஒரே பேரு. அரபுப் பேரும் இல்ல, இங்கிலீஷ் பேரும் இல்ல. எபிரேயப் பேரு. யூதருங்க பாஷையில மூணே எழுத்து: த, வ, த. பழைய வழக்கப்படி மெய்யெழுத்தை மட்டும்தான் எழுதுவாங்க, நடுவுல உயிரை வாசிக்கறவன் போட்டுக்கணும். அந்த மூணு எலும்பும் அப்படியே இருக்கு, சதையைத்தான் ஒவ்வொரு ஊர்க்காரனும் அவன் வாய்க்குத் தக்கன வெச்சுக்கிட்டான். அன்புக்குரியவன்னு அர்த்தம் சொல்றாங்க. உன் லிஸ்ட்டுல இருக்கற பேருங்களுக்கு இன்னா அர்த்தம்னு ஜோசியரைக் கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. கேட்டா அதுக்குத் தனி ரேட்டு.

அந்தப் பேருக்கு மொத சொந்தக்காரன் யாருன்னா, பெத்லகேம் ஊர்ல ஈசாய்னு ஒருத்தருக்கு எட்டு ஆம்பளப் புள்ளைங்க, அதுல கடைக்குட்டி. மூத்தவனுங்க பட்டாளத்துக்குப் போயிட்டானுங்க, இவன் ஆடு மேய்ச்சுக்கினு இருந்தான். கம்பங்கொல்லையில பரண் மேல நின்னு கிளி ஓட்ட நாம கவண் சுத்துவோமே, அதே கவண்ல ஒரு கல்ல வெச்சு கோலியாத்துன்ற ஆறு முழத்துக்கும் மேல வளந்த சண்டியரை நெத்தியில அடிச்சு சாச்சான். அப்பறம் ராஜாவாகி 40 வருஷம் ஆண்டான்னு வேதாகமம் சொல்லுது. இதெல்லாம் வெறும் கதை, அப்படி ஒரு ஆளே கெடையாதுன்னு வாதம் பண்ணவங்களும் உண்டு. 1993ல இஸ்ரேலோட வடக்குப் பக்கத்துல தெல் தான்ற மேட்டுல ஒரு கல்வெட்டுத் துண்டு கெடச்சுது. கி.மு. ஒம்பதாம் நூத்தாண்டுது. அரமேய பாஷையில "தாவீதின் வம்சம்"னு வெட்டியிருக்கு. பேரு கல்லுல ஏறி உக்காந்துட்டா அப்பறம் வாதாடறது கஷ்டம் மாப்ளே.

ஆடு மேய்ச்சவன் ராஜாவான கதைக்கு அம்மாந்தூரம் போவணுமா? நம்ம செஞ்சி மலையைத் திரும்பிப் பாரு. 1200ஐ ஒட்டி ஆனந்தக் கோன்னு ஒரு இடையரு இந்த மலையடிவாரத்துல ஆடு மேய்க்கறப்ப புதையல் கெடச்சு, அதைக் கொண்டு கோட்டை கட்டுனாருன்னு பெரியவங்க சொல்லுவாங்க. மலைக்கு ஆனந்தகிரின்னு தன் பேரையே வெச்சாரு. அவருக்கு அப்பறம் வந்த கிருஷ்ண கோன் வடக்கு மலைக்குக் கிருஷ்ணகிரின்னு பேரு வெச்சாரு. கிருஷ்ணகிரி இன்னிக்கும் கிருஷ்ணகிரிதான். ஆனந்தகிரின்னு யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கியா? இல்ல. ராஜகிரின்னுதான் டிக்கெட்டு வாங்கி ஏறுறான். பேரு வெக்கறவன் ராஜாவாவே இருந்தாலும், அது நெலைக்கறது கூப்பிடுறவன் வாயில. இதை மனசுல வெச்சுக்க, அப்பறம் வேணும்.

உன் எண் கணிதத்துக்கும் வரேன், கோச்சுக்காத. எபிரேயத்துலயும் எழுத்துக்கு எண் உண்டு. அந்தக் கணக்குல த நாலு, வ ஆறு, மறுபடியும் த நாலு. கூட்டு, பதினாலு வரும். மத்தேயு எழுதுன சுவிசேஷம் தொடக்கத்துல யேசுவோட வம்ச வரிசையைச் சொல்லும். அதைப் பதினாலு, பதினாலு, பதினாலு தலைமுறையா மூணு கூறு போட்டிருக்காரு. தாவீதோட எண்ணை மனசுல வெச்சுதான் அப்படிப் பிரிச்சாருன்னு ஆராய்ச்சிக்காரங்க பல பேரு சொல்றாங்க. ஆக, எண் கணிதம் பழசுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா மத்தேயு எழுத்தைக் கூட்டிப் பாத்தாரே தவிர, எண்ணு சரியா வரலன்னு தாவீதுக்கு ரெண்டு 'ஏ'வும் ஒரு 'எச்சு'ம் சேத்துக் குடுக்கல. காசும் வாங்கல. அவரு ஏற்கெனவே வரி வசூல் பண்ற வேலையை வுட்டுட்டு வந்தவரு.

அந்த மூணெழுத்து கெளம்பி ஊர் சுத்துன கதையைக் கேளு. அந்தக் காலத்து கிரேக்கன்கிட்ட 'வ'வுக்கு எழுத்து இல்ல, தவுயித்துன்னு எழுதிக்கிட்டான். அரபுக்காரன் தாவூதுன்னான். பாய்மாருங்களுக்கு அவரு நபி. சபூர் வேதம் அவருக்குத்தான் எறங்குச்சு, இரும்பு அவரு கையில இளகிக் குடுத்துதுன்னு குர்ஆன் சொல்லுது. துருக்கியில தாவுத்து. எத்தியோப்பியாவுல தாவித்து. ஜார்ஜியாவுல 1089லேர்ந்து 1125 வரைக்கும் ஆண்ட பெரிய ராஜாவுக்கும் அதே பேருதான். இத்தாலியில தாவிதே, மைக்கேலாஞ்சலோ 1504ல பதினேழு அடி ஒசரத்துக்கு அவரைச் சலவைக்கல்லுல செஞ்சு நிறுத்துனாரு. துணியில்லாமதான். அதைப் பாத்துட்டு வந்து எங்கிட்ட வெக்கப்படாத.

எஸ்டோனியான்னு ஒரு குட்டி நாடு, அங்க தாவி. எல்லா நாட்டுக்கும் தாவுன பேருக்கு அவந்தான் பொருத்தமா வெச்சிருக்கான். நியூசிலாந்து மாவோரிங்க பாஷையில டேவிட்டுல வர்ற 'ட' கெடையாது, அவங்க ராவிரின்றாங்க. காதுல வுழுந்தா நம்ம காவிரிக்குத் தங்கச்சி. ஹவாய் தீவுல கவிகா. அங்க 1874லேர்ந்து 1891 வரைக்கும் ஆண்ட கலாகாவா ராஜா பேரும் டேவிட்டுதான், ஜனங்க கவிகான்னு பாடுனாங்க. கவிகான்னு நம்ம செஞ்சியில வெச்சிப் பாரு, பள்ளிக்கூடத்துல டீச்சரு பொண்ணுங்க வரிசையில ஒக்கார வெச்சுடுவாங்க. உன் லிஸ்ட்டுல கவிகா இருக்குதான்னு பாரு மாப்ளே. இருக்கும்னு நெனைக்கறேன்.

இங்கிலாந்துக்கு மேற்கால வேல்ஸுன்னு ஒரு நாடு. அவங்க தேவின்றாங்க, தாவித்துன்னும் சொல்றாங்க. தேவின்னதும் அம்மன் கோயிலுக்குப் போயிடாத, அது தாடி வெச்ச சாமியாரு. ஆறாம் நூத்தாண்டுல இருந்தவரு. மார்ச் 1ஆம் தேதி அவரு நாளு. இந்த வேல்ஸ் சாமியாரு நம்ம செஞ்சிக்கு எப்படி வந்தாருன்றதுதான் சேதி. இதைக் கேட்டுட்டு அப்பறம் டீக்கடையில பேசு.

1689ல மராட்டிய ராஜா சம்பாஜியை அவுரங்கசீப்பு கொன்னதும், அவரு தம்பி ராஜாராம் மாறுவேசத்துல தப்பிச்சு நம்ம கோட்டைக்கு வந்து சேந்தாரு. மராட்டியருக்குத் தலைநகரமே இதுதான்னு ஆச்சு. 2025ல யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைங்க பன்னெண்டை உலகப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சுதே, அதுல தமிழ்நாட்டுலேர்ந்து சேந்தது நம்ம செஞ்சி ஒண்ணுதான். அதுக்குக் காரணமே இந்த மராட்டியர் உறவுதான். ஆனா ராஜாராமுக்குக் கஜானா காலி. முகலாயப் படை தொரத்திக்கினு வருது. 1690ல கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வெள்ளைக்காரன் கம்பெனிக்கு வித்தாரு. வாங்குனவரு சென்னைக் கோட்டைக்கு அப்பத் தலைவரா இருந்த எலிஹு யேலு. எலிஹுன்னதும் எலின்னு நெனச்சுக்காத, அதுவும் எபிரேயப் பேருதான்.

வெலை பேசுன தினுசைக் கேளு. கோட்டையோட சுத்துப்பட்டு நெலமும் சேத்து. எம்மாந்தூரம்? பீரங்கிக் குண்டு போயி வுழுற தூரம். வெள்ளைக்காரன் இருக்கறதுலயே நல்ல பீரங்கியாப் பாத்து, கைதேர்ந்த ஆளா வெச்சு சுட்டான். குண்டு வுழுந்த எல்லை வரைக்கும் அவனுது. குண்டு கிராமம்னே அதுக்குப் பேரு ஆச்சு. நம்ம ஊர்ல வரப்பை ஒரு முழம் நவுத்துனதுக்கே மூணு தலைமுறையா கோர்ட்டுக்கு நடக்கறான்.

வாங்குன கோட்டைக்கு யேலு வெச்ச பேரு செயிண்ட் டேவிட் கோட்டை. அவரு பூர்வீகம் வேல்ஸு, அந்தச் சாமியாரு பேரைத்தான் வெச்சாருன்றது பொதுவான கணக்கு. ஆனா அவரு அப்பன் பேரும் டேவிட்டு. சென்னையில சின்ன வயசுலயே, 1688ல செத்துப்போன அவரு மவன் பேரும் டேவிட்டு. அந்தப் புள்ளையைப் பொதைச்ச எடம் ஹைகோர்ட்டு பக்கத்துல பழைய சட்டக் கல்லூரி வளாகத்துல. ஊரை அடிச்சு ஒலையில போட்ட ஆளுதான் யேலு. சொந்த யாவாரம் பண்ணி கணக்கு வழக்கில்லாம சேத்துட்டாருன்னு 1692ல வேலையை வுட்டு எடுத்தாங்க. இருந்தாலும் புள்ளையைப் பறிகுடுத்தவன் ஒரு கோட்டைக்கு அந்தப் பேரு வெச்சா, அது எந்த டேவிட்டுன்னு நாம கேக்க வேணாம்.

அந்தாண்டைக் கதை இது. இந்தாண்டை முகலாயப் படை செஞ்சியை வளைச்சுக்கினு ஒக்காந்துது. 1690லேர்ந்து 1698 வரைக்கும். நம்ம கோட்டை லேசுல சாயல. கடைசியில முகலாயப் படைத் தலைவரு சுல்பிகர் கான் புடிச்சாரு, அதுக்குள்ள ராஜாராம் நழுவிட்டாரு. சுல்பிகர் கானுக்குத் தளபதியா நின்னு, அப்பறம் 1703ல கர்நாடக நவாபா வந்தவரு யாருன்ற? தாவூது கான் பன்னி! புரியுதா மாப்ளே? இங்கயிருந்து வித்த கோட்டைக்குப் பேரு டேவிட்டு. இங்கயிருந்து அதை அதட்டி உருட்ட வந்த நவாபு பேரு தாவூது. பேரும் பேரும் மொறைச்சுக்கினு நின்னுதுங்க, ரெண்டு பேருக்குமே தாங்க ஒரே பேருன்னு தோணியிருக்காது. வெள்ளைக்காரன் குறிப்புல ஒரு மாதிரி எழுதுனான், நவாபு முத்திரையில ஒரு மாதிரி இருந்துது, அம்மாந்தான்.

தாவூது கான் லேசுப்பட்ட ஆளு கெடையாது. 1702ல சென்னைக் கோட்டையையே சுத்தி வளைச்சு மாசக்கணக்குல மூச்சு முட்ட வெச்சாரு, அப்பறம் பணத்தை வாங்கிக்கினு வுட்டாரு. சீமைச் சாராயம்னா அவருக்கு உசுரு. அது தெரிஞ்சு வெள்ளைக்காரன் பாட்டிலு பாட்டிலா அனுப்பி வெச்சான். 1708ல திருவொத்தியூரு, நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு, இந்த அஞ்சு ஊரையும் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாரு. இன்னிக்கு நுங்கம்பாக்கத்துல ஒரு கிரவுண்டு இன்னா வெலைன்னு உன் ஜோசியரைக் கேளு, அவரு ஆபீஸே அங்கதான் இருக்கும். செஞ்சி ஒடம்புக்கு ஆவலன்னு தலைநகரத்தை ஆற்காட்டுக்கு மாத்துனவரும் இந்த தாவூது கான்தான். எட்டு வருஷ முத்துகையைத் தாங்குன கோட்டை, காய்ச்சலுக்குத் தோத்துது.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வா. கடலூருக்குப் போயி செயிண்ட் டேவிட் கோட்டைக்கு வழி கேளு. படிச்சவன் நாலு பேரு சொல்லுவான். மத்தவன் எல்லாம் தேவனாம்பட்டினம்னு சொன்னாத்தான் கைய நீட்டுவான். கிளைவு அந்தக் கோட்டைக்கு கவர்னரா இருந்தாரு. 1746ல சென்னையை பிரெஞ்சுக்காரன் புடிச்சப்ப வெள்ளைக்காரனுக்கு அதுதான் தலைமையிடம். அப்படிப்பட்ட கோட்டையை 1758ல லாலின்ற பிரெஞ்சுத் தளபதி இடிச்சுப் போட்டாரு. காசு குடுத்து வாங்கி, குண்டு போட்டு அளந்து, வெச்ச பேரு அது. ஊரு வாயில ஒட்டல. வலை இழுக்கறவன் கூப்பிட்ட பேருதான் நின்னுது.

நம்ம ஊரையே எடுத்துக்க. பீஜப்பூர் சுல்தான் ஆளுங்க பாதுஷாபாத்துன்னு வெச்சாங்க. சுல்பிகர் கான் கைக்கு வந்ததும் அவரு பட்டப்பேர்ல நஸ்ரத்கட்டுன்னு வெச்சாங்க. வெள்ளைக்காரன் எழுத்துல ஜிஞ்சின்னான். நமக்கு செஞ்சி. மேல்மலையனூர் பஸ்ல ஏறி, "நஸ்ரத்கட்டுக்கு ஒரு டிக்கெட்டு"ன்னு கேட்டுப் பாரு, கண்டக்டரு ஒன்னை அங்காளம்மன் கோயில்லயே எறக்கி வுட்டு மந்திரிக்கச் சொல்லுவாரு. நம்ம தேசிங்கு ராஜா இருக்காரே, அவரு நெஜப் பேரு தேஜ் சிங்கு. புந்தேலா ராஜபுத்திரரு. 1714ல நவாபு சாதத்துல்லா கானை எதுத்து சண்டையில செத்தாரு, இருபத்திரெண்டு வயசுன்னு சொல்லுவாங்க. அவருக்குத் தோள் குடுத்து நின்னு கூடவே செத்தவரு மோவுத்துக்காரன்னு பாட்டுல வர்ற மகபத் கான். தேஜ் சிங்கைத் தேசிங்குன்னு ஆக்குனது நம்ம வாயி. அவரைப் பாட்டா கட்டி முந்நூறு வருஷம் உசுரோட வெச்சிருக்கறதும் அதே வாயிதான். வடநாட்டுக்காரன் பேருன்னு அப்ப எவனும் டீக்கடையில பேசல.

அதே 1714ல இன்னொரு காரியம் நடந்துது. தரங்கம்பாடியில சீகன்பால்கு அய்யரு புதிய ஏற்பாட்டுல நாலு சுவிசேஷத்தையும் தமிழ்ல அச்சுப் போட்டு முடிச்சாரு. மத்தேயுவோட மொத வாக்கியத்துலயே அந்த ஆடு மேய்ச்சவன் பேரு வருதே, அப்படி அது தமிழ் அச்சுக்குள்ளயும் வந்து ஒக்காந்துது. நம்ம இலக்கணப்படி 'ட'வுல ஒரு சொல்லு தொடங்கக் கூடாது, வல்லின ஒத்துல முடியவும் கூடாது. வேதாகமத்துல தாவீதுன்னு இருக்குதே, அது முன்னால 'தா', பின்னால 'து'ன்னு வேட்டி கட்டிக்கினு நிக்குது. பாய் வூட்டுலயும் தாவூதுன்னு அதே 'து'தான். ஆக டீக்கடையில நீ அந்நியன்னு சொன்ன பேரு தொல்காப்பியரு போட்ட சட்டத்துக்கு அடங்கி நடக்குது. உன் லிஸ்ட்டை எடு. அதுல ஷ, ஹ, ஜ, க்ஷ இல்லாத பேரு எத்தினி இருக்குன்னு எண்ணிச் சொல்லு. நான் இருக்கேன், எண்ணு. வெரல் மடக்க வேண்டிய அவசியமே வராது.

நம்ம பங்காளி மலையாளத்தான் இதுல நம்மளை வுட ஒரு படி மேல. யாக்கோபை சாக்கோன்னு ஆக்கிட்டான், யோசேப்பை ஔசேப்புன்னு ஆக்கிட்டான். நம்ம பழைய கத்தோலிக்கருங்க யோவானை அருளப்பன்னு மொழிபெயர்த்தே வெச்சுக்கிட்டாங்க. அருளப்பனை எந்த நாட்டுக்காரன்னு சொல்லுவ நீ? ரேசன் கார்டைப் பாத்தா நம்ம விழுப்புரம் மாவட்டம்னு இருக்கும்.

அதுக்காக நீயும் தாவூதுன்னு வையி, டேவிட்டுன்னு வையின்னு நான் சொல்ல வரல. என் பேரை வையின்னும் கேக்கல. கேட்டாலும் வெக்கப் போறதில்ல, "மாமா, அது பழைய பேரு"ன்னுவ. மூவாயிரம் வருசத்துப் பேரையே புதுசு புதுசா வெச்சுக்கறான், அறுவது வருசத்துப் பேரு உனக்குப் பழசு. உன் குலசாமி பேரை வையி, உங்கப்பன் பேரை வையி, சினிமாவுல பாத்த பேரைக்கூட வையி. ஆனா அடுத்தவன் புள்ளை பேருக்கு ஊர் கேக்காத. அது உன் ஊருக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னாலயே ரெண்டு வழியா வந்துட்டுப் போன பேரு. அதைக் கேக்கறதுக்கு முன்னால உன் பேரு எந்த ஊர்லேர்ந்து வந்துதுன்னு தேடு. அதுவும் நடந்து வந்ததாத்தான் இருக்கும்.

எந்தப் பேரு வெச்சாலும் மொதல்ல உங்கம்மாவை வுட்டு மல்லாட்டைக் கொல்லைக்கு அந்தாண்ட நின்னு ஒரு தரம் கூப்பிடச் சொல்லு. வாய்க்கு வந்துதுன்னா அந்தப் பேரு பொழைக்கும். வரலன்னா, ஜோசியர் எழுதிக் குடுத்தது ஆதார் கார்டுல கெடக்கும், புள்ளைய ஊரே "சின்னு"ன்னு கூப்பிடும், ஒனக்கு அந்த லிஸ்ட்டுக்குக் குடுத்த காசு தண்டம். சீக்கிரம் ஒரு முடிவுக்கு வா. பொறப்புச் சான்றிதழ்ல பேரை பொறந்த பன்னெண்டு மாசத்துக்குள்ள பதிஞ்சா காசு கெடையாது, அதுக்கு அப்பறம் போனா தாமதக் கட்டணம் கட்டணும்.